பீக் மறைந்தது, மருந்து எங்கே போனது? சைக்ளோடெக்ஸ்ட்ரின் காம்ப்ளெக்ஸை டி.ஜி.ஏ., டி.எஸ்.சி.யில் சோதிக்கும் முறை (கடலோர ஆய்வகங்களுக்கு)

டி.எஸ்.சி. (சூடேற்றும்போது பொருள் எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) வரைபடத்தில் மருந்தின் உருகு பீக், அதாவது உருகும்போது தெரியும் முனை, காணவில்லை. உடனே ‘இன்குளூஷன் காம்ப்ளெக்ஸ் உருவாகிவிட்டது’, அதாவது சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறின் கிண்ணம் போன்ற குழிக்குள் மருந்து போய்விட்டது என்று ஆய்வறிக்கையில் ஒரு வரி ஏறிவிடுகிறது. அந்த வரியை எழுத அது மட்டும் போதாது. பீக் மறைய ஐந்து வழிகளாவது உண்டு. மருந்து உண்மையிலேயே சைக்ளோடெக்ஸ்ட்ரின் கிண்ணத்துக்குள் போயிருக்கலாம். உள்ளே போகாமல் படிக அமைப்பை மட்டும் இழந்திருக்கலாம். டி.எஸ்.சி. சூட்டிலேயே கரைந்து கலந்திருக்கலாம். அளவு குறைந்து தண்ணீர் பீக்கின் அடியில் ஒளிந்திருக்கலாம். அல்லது தயாரிப்பிலேயே உப்பாக மாறியோ, கழுவலில் கரைந்தோ, ஆவியாகியோ போயிருக்கலாம். முதல் வழியைச் சொல்ல வேண்டுமானால் மற்ற நான்கையும் கழித்தாக வேண்டும்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய ஆய்வகங்களில் இதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்று வீசும் மாலையில் ஹைக்ரோமீட்டர் 80 சதவீதத்தை ஒட்டி நிற்பது இங்கே புதிதல்ல. ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் போடும் எந்த விகிதமும் தப்பாகத்தான் வரும்.

எதைச் சூடாக்குகிறோம்

பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 7 குளுக்கோஸ் அலகுகள் வளையமாகக் கோத்த மூலக்கூறு. மூலக்கூறு எடை 1135. உட்குழியின் அகலம் 6 முதல் 6.5 ஆங்ஸ்ட்ராம், பென்சீன் வளையம் ஒன்று வசதியாக நுழையும் அளவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 18.5 கிராம்தான் கரையும். 6 அலகு கொண்ட ஆல்ஃபா 145 கிராமும் 8 அலகு கொண்ட காமா 232 கிராமும் கரையும்போது நடுவில் இருக்கும் பீட்டா மட்டும் இப்படிக் கஞ்சத்தனம் காட்டுகிறது. நமக்கு அது நல்லதே. கரைசலை ஆறவிட்டால் காம்ப்ளெக்ஸ் தானாகப் படிந்து இறங்கும்.

பாட்டிலில் இருக்கும் பீட்டா உலர்ந்த பொருள் அல்ல. எடையில் 13 முதல் 14.5 சதவீதம் வரை தண்ணீர். தனியாகச் சூடாக்கினால் 60 முதல் 120 டிகிரி வரை அகலமான, வெப்பம் உறிஞ்சும் பீக் ஒன்று வரும். அது அந்தத் தண்ணீர். 220 டிகிரி அருகே சிறு மேடு ஒன்று தெரியலாம். அது உலர்ந்த பீட்டாவின் சொந்த மாற்றம், புதிய கண்டுபிடிப்பு என்று துள்ள வேண்டாம். 290-300 டிகிரியில் சிதையத் தொடங்கும்.

பீட்டாவை வேதிமுறையில் மாற்றிச் செய்த ஹைட்ராக்ஸிபுரோப்பில் பீட்டா வேறு இனம். படிகமே இல்லாத தூள், தண்ணீரில் எளிதாகக் கரையும், காற்று ஈரத்தை விடாமல் இழுக்கும். முதல் முறை செய்பவர் சாதாரண பீட்டாவில் தொடங்குவதே நல்லது.

பழக நாப்ராக்சன் என்ற வலிநிவாரணி ஏற்றது. 155 டிகிரியை ஒட்டி, சிதையாமல், கூர்மையான ஒற்றைப் பீக்கோடு உருகும். தண்ணீர் பீக்குக்கு மேலேயும் சிதைவுக்குக் கீழேயும் இருக்கிற காலி இடத்தில் அது விழுகிறது. பலரும் முதலில் எடுப்பது இபுப்ரோஃபென். அது 75-78 டிகிரியில், சரியாகத் தண்ணீர் வெளியேறும் நேரத்தில் உருகும், எது எதன் பீக் என்று பிரிக்கவே முடியாது. ஆஸ்பிரின் உருகும்போதே சிதையும். கார்பமசெபின் 175 டிகிரி அருகே உருகி, வேறு படிக வடிவாக உறைந்து, மறுபடி 190-ஐ ஒட்டி உருகும். இவையெல்லாம் கை பழகியபின் எடுக்க வேண்டியவை.

ஐந்து பாட்டில்கள், ஒன்று குறைந்தாலும் பயனில்லை

காம்ப்ளெக்ஸை மட்டும் அனுப்பி வரைபடம் வாங்குவது காசைக் கடலில் போடுவதற்குச் சமம். கீழ்க்கண்ட ஐந்தும் ஒரே நாளில், ஒரே நிரலில் (சூடேற்றும் திட்டத்தில்) ஓட வேண்டும்:

1. தூய மருந்து
2. பீட்டா இல்லாமல், அதே கரைப்பான், அதே சூடு, அதே உலர்த்தலுக்கு உட்பட்ட மருந்து
3. மருந்து இல்லாமல் அதே பாடுபட்ட பீட்டா
4. அதே விகிதத்தில் வெறும் கலவை
5. காம்ப்ளெக்ஸ்

இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எத்தனாலில் கரைத்து மீட்டதிலேயே மருந்து வேறு படிக வடிவம் எடுத்திருந்தால் அந்தப் பழி பீட்டாவின் மேல் விழும்.

எடை போடும் முன் உங்கள் பீட்டாவில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று டி.ஜி.ஏ.யில் (சூடேற்றும்போது குறையும் எடையை அளக்கும் கருவி) பாருங்கள். 13.6 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமோல் வேண்டுமானால் 1.135 கிராம் எடுக்கக் கூடாது, 1.135-ஐ 0.864-ஆல் வகுத்து 1.314 கிராம் எடுக்க வேண்டும். நாப்ராக்சன் 0.230 கிராம். மொத்தத் தூளில் மருந்தின் பங்கு 0.230 / 1.544, அதாவது 14.9 சதவீதம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு வேண்டும். ஈரத்தைப் பார்க்காமல் 1.135 கிராம் போட்டிருந்தால் ஏழில் ஒரு பங்கு மருந்துக்குக் கிண்ணமே இருக்காது. அது வெளியே படிகமாக நின்று 155 டிகிரியில் பீக் காட்டும், நீங்கள் முறையைக் குறை சொல்வீர்கள்.

வெறும் கலவைக்கு இரண்டு தூளையும் தனித்தனியே 100 மெஷ் சல்லடையில் சலித்து, மூடிய பாட்டிலில் 10 நிமிடம் உருட்டிக் கலக்கினால் போதும். கல்வத்தில் போட்டு அரைக்கக் கூடாது. அரைத்தால் படிகம் உடையும், கொஞ்சம் காம்ப்ளெக்ஸும் உருவாகும், ஒப்பிட வைத்த சாம்பிளே கெட்டுவிடும்.

காம்ப்ளெக்ஸ் செய்ய இரண்டு முறைகளைப் பார்ப்போம். வீழ்படிவு முறை இப்படி. 1.314 கிராம் பீட்டாவை 60 மி.லி. தண்ணீரில், 60-65 டிகிரியில் தெளிவாகும்வரை கலக்குங்கள். 0.230 கிராம் நாப்ராக்சனை 5 மி.லி. எத்தனாலில் கரைத்து 15-20 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எத்தனால் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் கிண்ணத்துக்குள் இடம் கேட்கிற ஆள்தான். பாத்திரத்தை மூடி, சூட்டை நிறுத்தி, 24 மணி நேரம் கலக்கிக்கொண்டே ஆறவிடுங்கள். பிறகு 4 டிகிரியில் ஓர் இரவு. வடிகட்டி, குளிர்ந்த எத்தனால் 2 மி.லி. வீதம் இரண்டே முறை கழுவுங்கள். மேலே ஒட்டிய மருந்து போக அது போதும். அதற்கு மேல் கழுவினால் உள்ளே உட்கார்ந்ததையும் உருவி எடுத்துவிடும். 40-45 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஒரு நாள் உலர்த்துங்கள்.

பிசையும் முறை இன்னும் எளிது. அதே எடைகளைக் கல்வத்தில் போட்டு, எத்தனாலும் தண்ணீரும் சமபங்கு கலந்த திரவத்தைச் சிறிது சிறிதாக விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியான பசையாக 45 நிமிடம் பிசைய வேண்டும். காய்ந்தால் சொட்டு விடுங்கள். ஒழுகும் அளவுக்கு விடாதீர்கள். மருந்து வீணாகாது என்பது இதில் நன்மை, முழுதாக உள்ளே போயிருக்காது என்பது குறை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு கரிக்கும், பலவற்றில் பைகார்பனேட்டும் உண்டு. நாப்ராக்சன் ஓர் அமிலம். லிட்டருக்கு 500 மி.கி. பைகார்பனேட் உள்ள தண்ணீரை 60 மி.லி. எடுத்தால் அதில் அரை மில்லிமோல் காரம் இருக்கும். உங்கள் மருந்தில் கிட்டத்தட்டப் பாதியை அது உப்பாக்கப் போதும். நாப்ராக்சன் சோடியம் 240 டிகிரிக்கு மேல்தான் உருகும். 155 பீக் பாதியாகக் குறையும், கிண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இருமுறை காய்ச்சி வடித்த தண்ணீர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

வீழ்படிவில் இன்னொரு வலையும் உண்டு. 4 டிகிரியில் வெறும் பீட்டாவும் சேர்ந்து படியும். மருந்தில் ஒரு பகுதி வடிநீரோடு போயிருக்கும். ஆகவே கையில் கிடைத்த தூள் நீங்கள் போட்ட விகிதத்தில் இருக்காது. 10 மி.கி. எடுத்து எத்தனால்-தண்ணீரில் கரைத்து 331 நானோமீட்டரில் புற ஊதா அளவீடு எடுங்கள். பீட்டா அங்கே எதையும் உறிஞ்சாது, தெரிவது மருந்து மட்டுமே. 14.9 சதவீதத்துக்குப் பதில் 11.2 வந்தால் இனி எல்லாக் கணக்குக்கும் 11.2-தான்.

ஈரத்தை ஓரிடத்தில் நிறுத்துவது

மழைநாளில் உலர்த்திய சாம்பிளையும் சித்திரை வெயிலில் உலர்த்தியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஐந்து பாட்டிலையும் திறந்த நிலையில் ஒரே டெசிகேட்டரில் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடிப் பாத்திரம்) மூன்று நாள் வையுங்கள். அடித்தட்டில் பொட்டாசியம் கார்பனேட்டின் செறிவுற்ற கரைசல், அடியில் கரையாத உப்பு தெரியும்படி. அது 25 டிகிரியில் 43 சதவீத ஈரப்பதத்தில் காற்றை நிறுத்தும். மக்னீசியம் குளோரைடு வைத்தால் 33, சோடியம் குளோரைடு வைத்தால் 75.

சோடியம் குளோரைடு என்றதும் வாலிநோக்கம் உப்பை ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடாதீர்கள். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். வீட்டுக் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது அதனால்தான். டெசிகேட்டருக்கு ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடு மட்டும்.

சாம்பிளை மதுரைக்கோ காரைக்குடிக்கோ அனுப்பித்தான் பலர் ஓட்டுகிறார்கள். பாட்டிலோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. சாதாரண பீட்டாவுக்கு அது கெடுதல். மூன்று நாள் உட்காரவைத்துச் சமன்செய்த தண்ணீரை ஜெல் வழியிலேயே உறிஞ்சிவிடும், போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைப் பாராஃபிலிமால் சுற்றி, இரட்டை ஜிப் கவரில் வைத்தால் போதும். ஹைட்ராக்ஸிபுரோப்பில் பீட்டாவுக்கு மட்டும் எதிர்மாறு: பாஸ்பரஸ் பென்டாக்சைடு மேல் முழுக்க உலர்த்தி, ஜெல்லோடு அனுப்புங்கள். மெந்தால் போன்றவை 42 டிகிரியிலேயே உருகும். மே மாதப் பகல் பஸ்ஸின் டிக்கியில் பார்சலாகப் போடக் கூடாது, தெர்மோகோல் பெட்டியில் இரவு வண்டிக்குக் கொடுங்கள்.

முதலில் டி.ஜி.ஏ.

எதுவரை சூடாக்கலாம், எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் டி.எஸ்.சி.யைத் தொடக் கூடாது. டி.எஸ்.சி. செல்லுக்குள் பீட்டா பொங்கிக் கரியானால் அந்தச் செல்லைச் சுத்தம் செய்ய ஒரு நாள் போகும்.

அலுமினா கிண்ணம், சாம்பிள் 8 மி.கி., நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மி.லி., 30 முதல் 500 டிகிரி வரை நிமிடத்துக்கு 10 டிகிரி. அதற்கு முன் காலிக் கிண்ணத்தை அதே நிரலில் ஓட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். சூடேறும் வாயுவின் மிதப்பு விசையால் காலிக் கிண்ணமே எடை கூடுவதுபோல் காட்டும். கருவி சரியாக நிற்கிறதா என்று பார்க்கக் கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட். மூன்று படியாக எடை இழக்கும்: தண்ணீர் 12.3, கார்பன் மோனாக்சைடு 19.2, கார்பன் டைஆக்சைடு 30.1 சதவீதம். இதற்கு மட்டும் 850 டிகிரி வரை போக வேண்டும், அதனால் அலுமினியப் பான் கூடாது. 660 டிகிரியில் அலுமினியமே உருகிவிடும்.

வந்த வரைபடத்தில் மூன்று இடம் பாருங்கள். முதலில் 120 டிகிரி வரையிலான இழப்பு, அது தண்ணீர். மருந்து உள்ளே போனால் அங்கிருந்த தண்ணீரை வெளியே தள்ளும் என்பதால் காம்ப்ளெக்ஸில் இந்தப் படி பெரும்பாலும் வெறும் கலவையைவிடச் சிறிதாக இருக்கும். ஆனால் ஐந்தும் ஒரே ஈரத்தில் இருந்திருந்தால்தான் இதற்கு அர்த்தம். இரண்டாவது, 150 முதல் 280 வரை. இங்கே மருந்து தனியாக ஆவியாகி ஒரு படி காட்டினால் அது வெளியே இருந்த மருந்து. மூன்றாவது கடைசியில் மிஞ்சும் கரி. நல்ல நைட்ரஜனில் பீட்டா 500 டிகிரியில் கொஞ்சம் கரியை விட்டுச் செல்லும். கிண்ணம் வெள்ளையாகப் பளபளத்தால் மகிழ வேண்டாம். எங்கோ காற்று கசிகிறது, கரி எரிந்துபோயிருக்கிறது. சிலிண்டர் இணைப்பில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

எளிதில் ஆவியாகும் மருந்துகளுக்கு டி.ஜி.ஏ.யே முக்கியச் சாட்சி. ஓமத்தில் உள்ள தைமோலை எடுத்துக்கொள்ளுங்கள். 50 டிகிரியில் உருகும், திறந்த கிண்ணத்தில் 200-ஐ எட்டும் முன் முழுதும் பறந்துவிடும். வெறும் கலவையிலும் அப்படியே பறக்கும். காம்ப்ளெக்ஸில் ஒரு பங்கு பீட்டா சிதையும்வரை பிடித்து நிற்கும். அந்தப் பங்கின் எடையே உள்ளே இருந்த தைமோலின் அளவு.

பிறகு டி.எஸ்.சி.

காலையில் முதல் வேலை, கருவியைச் சரிபார்க்க இண்டியம் என்ற உலோகத்தை ஓட்டுவது. 156.6 டிகிரியில் உருக வேண்டும், உருகு வெப்பம் கிராமுக்குச் சுமார் 28.5 ஜூல். வெப்பநிலை 0.3 டிகிரிக்கு மேல் தள்ளினாலோ, வெப்பம் 2 சதவீதத்துக்கு மேல் மாறினாலோ மறு அளவுதிருத்தம். நாப்ராக்சன் உருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இண்டியம் உருகுவது நம் அதிர்ஷ்டம்.

பான் 40 மைக்ரோலிட்டர் அலுமினியம், மூடியில் ஊசித் துளை ஒன்று. துளை ஏன் என்பதற்குக் கணக்கே சொல்லும்: 5 மி.கி. பீட்டாவில் 0.68 மி.கி. தண்ணீர். முழுதும் அடைத்த பானில் 200 டிகிரியில் நீராவி அழுத்தம் 15 வளிமண்டலத்தை எட்டும். சாதாரணப் பான் அதில் ஒரு சின்னப் பங்கைக்கூடத் தாங்காது, பூரிபோல் உப்பும். உப்பிய அடி சென்சாரில் முழுதாக உட்காராது, அதன்பின் வரும் எந்த வளைவையும் நம்ப முடியாது. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பானையும் இடுக்கியால் எடுத்து, கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த ஓட்டம் செல்லாது.

எடை போடுவதில்தான் கடற்காற்று தன் வேலையைக் காட்டும். ஹைட்ராக்ஸிபுரோப்பில் பீட்டாவைப் பானில் போட்டு மைக்ரோ தராசில் வைத்ததும் எண்ணைக் கவனியுங்கள். 3.214 என்று நிற்பதுபோல் இருக்கும், பிறகு 3.221, மூச்சு விடுவதற்குள் 3.229. தராசு பழுதில்லை, தூள் குடிக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள் சின்னக் குப்பியில் சிலிக்கா ஜெல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பானையும் மூடியையும் முன்பே சேர்த்து எடை எடுத்துக்கொண்டு, தூள் போட்டவுடன் மூடியை அழுத்தி அடைத்து (கிரிம்ப் செய்து), அதன் பிறகு மொத்த எடை போடுங்கள். திறந்த பானை எடை போட்டுவிட்டு நிதானமாக மூடுகிற பழக்கம் உள்நாட்டில் செல்லும், இங்கே செல்லாது.

சாம்பிள் அளவில் ஒரு முரண் உண்டு. தூய மருந்து 2 மி.கி. போதும், காம்ப்ளெக்ஸ் 5 மி.கி. வேண்டும். அந்த 5 மி.கி.யில் மருந்து 0.75 மி.கி.தான். 2 மி.கி. காம்ப்ளெக்ஸ் போட்டு ‘பீக்கே இல்லை’ என்பவர்கள் 0.3 மி.கி. மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தூளைப் பானின் அடியில் மெல்லிய படுகையாகப் பரப்புங்கள், குவியலாக விட்டால் பீக் அகன்று தாமதமாக வரும்.

நிரல்: 30 முதல் 200 டிகிரி, நிமிடத்துக்கு 10, அங்கிருந்து நிமிடத்துக்கு 20 வீதம் 0 வரை குளிர்வித்து, மறுபடி 200 வரை. நைட்ரஜன் 50 மி.லி. 200-ஐத் தாண்ட எந்த அவசியமும் இல்லை. 220 மேட்டைப் பார்க்க ஆசையிருந்தால் 250-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்விக்கும் கருவி ஓடும்போது செல்லைத் திறக்காதீர்கள். இங்கத்திய காற்று உள்ளே போன மறுகணம் பனியாக உறையும், அடுத்த ஓட்டத்தில் 0 டிகிரியில் ஒரு கூர்முனை முளைக்கும்.

வரைபடத்தோடு வாதாடுவது

தூய நாப்ராக்சனுக்கு உங்கள் கருவியில் கிராமுக்கு 138 ஜூல் வந்தது என்று கொள்வோம். வெறும் கலவையில் மருந்து 14.9 சதவீதம், வர வேண்டியது 20.6 ஜூல். 19-20 வந்தால் ஒப்பீடு நியாயமானது. காம்ப்ளெக்ஸில் 3.1 ஜூல் வந்தால், மருந்தளவு அங்கேயும் 14.9 என்று புற ஊதா சொல்லியிருந்தால், 3.1 / 20.6, அதாவது 15 சதவீத மருந்து இன்னும் படிகமாக வெளியே இருக்கிறது. ‘குறைந்தது 15’ என்று எழுதுங்கள், சூடேறும் வழியில் கொஞ்சம் உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு.

அந்த வாய்ப்பைச் சோதிக்க வெறும் கலவையையே நிமிடத்துக்கு 5, 10, 20 டிகிரி என மூன்று வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் குறையக் குறைய உருகு வெப்பமும் குறைந்தால் கருவியின் சூடே காம்ப்ளெக்ஸ் செய்கிறது என்று பொருள். அப்படியானால் ஐந்து சாம்பிளையும் 20 டிகிரி வேகத்தில் ஒப்பிடுங்கள். கலவையில் பீக் 155-லிருந்து 151-க்கு இறங்கி அகன்றிருந்தால் அதைக் காம்ப்ளெக்ஸின் அடையாளமாக எழுத வேண்டாம். பக்கத்தில் இன்னொரு பொருள் இருந்தாலே உருகுநிலை கொஞ்சம் இறங்கும்.

படிகம் இழந்ததா, உள்ளே போனதா என்பதே கடினமான கேள்வி. இங்கே மருந்தின் சுபாவம் தெரிந்திருக்க வேண்டும். நாப்ராக்சன் உருகி ஆறினால் சட்டென்று மறுபடி படிகமாகும் வகை. அதன் பீக் முதல் சூட்டிலும் இரண்டாம் சூட்டிலும் வரவில்லையென்றால் அது கனமான சாட்சி. இண்டோமெத்தசின் அப்படியில்லை. 160 டிகிரியில் உருகி, ஆறினால் கண்ணாடியாகவே (படிக ஒழுங்கில்லாத திடமாக) உறைந்து, இரண்டாம் சூட்டில் 42-45 டிகிரியில் ஒரு படி மட்டும் காட்டும். தூய மருந்திலேயே உருகு பீக் வராதபோது காம்ப்ளெக்ஸில் வரவில்லை என்று சொல்லி என்ன லாபம்? பாராசிட்டமால் நடுவாந்தரம்: முதலில் 170-ஐ ஒட்டி உருகும், ஆற்றிச் சூடாக்கினால் 24 டிகிரி அருகே கண்ணாடிப் படி, பிறகு படிகமாதல், கடைசியில் 157 அருகே வேறு வடிவமாக உருகல். இதைத் தெரியாதவர் ‘பீக் 13 டிகிரி நகர்ந்தது, காம்ப்ளெக்ஸ்’ என்று எழுதிவிடுவார்.

இன்னொரு நம்பகமான வழி, செலவில்லாதது. சோடியம் குளோரைடு டெசிகேட்டரை 40 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். 40 டிகிரி, 75 சதவீத ஈரம். மருந்துக் கம்பெனிகள் துரித நிலைப்புச் சோதனைக்கு வைக்கும் அதே சூழல். ஒரு மாதம் கழித்து மறுபடி டி.எஸ்.சி. எடுங்கள். வெறுமனே படிகம் இழந்த மருந்து அந்த ஈரத்தில் பெரும்பாலும் படிகத்துக்குத் திரும்பி 155-இல் பீக்கைக் கொண்டுவரும். கிண்ணத்துக்குள் உட்கார்ந்தது வராது.

தண்ணீர் பீக்கின் மறைப்பை நீக்க, நாப்ராக்சன் போன்ற உயர் உருகுநிலை மருந்துகளுக்கு டி.எஸ்.சி.யிலேயே 110 டிகிரியில் 10 நிமிடம் நிறுத்தி, 30-க்குத் திரும்பி, மறுபடி ஏற்றலாம். இபுப்ரோஃபெனுக்கு இது உதவாது, நிறுத்தும் இடத்திலேயே உருகிவிடும். 100-110-இல் அகல மேட்டின் மேல் ஊசிபோல் ஒரு முனை எழுந்தால் அது மருந்தல்ல. மூடியின் துளை தூளால் அடைபட்டு நீராவி ஒரேயடியாகப் பீறிட்டது. புதுப் பான், புதுத் துளை.

இவ்வளவுக்குப் பிறகும் வெப்பப் பகுப்பாய்வு ஒற்றைச் சாட்சிதான். எக்ஸ்-கதிர் தூள் வரைபடத்தில் மருந்தின் கோடுகள் போய்ப் புதுக் கோடுகள் வந்தனவா என்று பாருங்கள். கரைசலில் புரோட்டான் என்.எம்.ஆர். (மூலக்கூறின் ஹைட்ரஜன்களைத் தனித்தனியே காட்டும் அளவீடு) எடுத்தால், குழியின் உட்சுவரில் இருக்கும் 3, 5-ஆம் எண் ஹைட்ரஜன்களின் கோடுகள் வரைபடத்தில் இடம் நகர்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கத்தவை அசையாமல் இவை மட்டும் நகர்வதே மருந்து உள்ளே இருப்பதன் நேரடி அடையாளம்.

அறிக்கையில் வரைபடத்தின் கீழே சாம்பிள் எடை, பான் வகை, துளை உண்டா, சூடேற்றும் வேகம், வாயுவும் அதன் ஓட்டமும், எந்த ஈரப்பதத்தில் எத்தனை நாள் வைத்தது, வெப்பம் உறிஞ்சுவது மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று எழுதுங்கள். கடைசியை எழுதாத வரைபடத்தில் படிகமாதலும் உருகலும் இடம் மாறிப் படிக்கப்படும்.

பான் கசிந்து செல்லில் பழுப்புக் கறை படிந்திருந்தால் சுரண்டாதீர்கள். கருவியின் கையேடு அனுமதிக்கும் உச்சத்துக்கு, காற்றோட்டத்தில், காலியாக ஓட்டி எரியவிட்டு, ஆறியபின் கண்ணாடியிழைத் தூரிகையால் மெல்லத் துடையுங்கள். பிறகு காலிப் பான்களோடு ஓர் ஓட்டம், அடுத்து இண்டியம். 156.6-க்கு அது திரும்பினால் அடுத்த சாம்பிளை வைக்கலாம்.